தலையில்லாத தாய்மாமன்

புதிதாக ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டவரிடம் கொஞ்ச நாளைக்கு எந்தப் பொறுப்பையும் ஒப்படைக்கக் கூடாது. வண்டி ஓட்டப் பழகுகிறவரிடமாவது பிரேக் இருக்கிறது. சொல் பழகுகிறவருக்கு அதுவும் கிடையாது. என் வீட்டார் என்னிடம் இருபதடி பிளக்ஸ் ஒன்றை ஒப்படைத்தார்கள். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

அப்போது நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் வருடம். அனுமந்தன்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அந்த செமஸ்டரில் உவமை, உருவகம் மாதிரியான அணிகளைப் பற்றி ஒரு பேப்பர். பாடம் எடுத்த மேடம் முதல் வகுப்பிலேயே ஒரு வேலை கொடுத்தார். "புத்தகத்துல இருக்கிற உதாரணத்தை யாரும் எழுதிட்டு வராதீங்க. உங்களைச் சுத்திப் பேசுறவங்க வாயில இருந்து பிடிச்சிட்டு வாங்க" என்றார். மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டு மறந்துவிட்டார்கள். நான் பிடிக்கக் கிளம்பிவிட்டேன்.

முதலில் மாட்டியது அம்மா. "ஒன்னய ஆயிரந்தடவ கூப்பிட்டேன், காது என்ன செவிடா?" என்றார். "அம்மா, இப்ப நீ சொன்னது ஹைபர்பலி" என்றேன், மிகைப்படுத்திச் சொல்வதற்கு ஆங்கிலப் பெயர். அம்மா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அதுக்கு மாத்தர எதுவும் போடணுமா?" என்று கேட்டார்.

அடுத்தது அப்பா. மழை வருகிற நேரம், "ஆட்ட அவுத்துக் கட்ட கலெக்டரா வருவாரு?" என்று கேட்டார். இது பதில் எதிர்பார்க்காத கேள்வி, ரெட்டாரிக்கல் கொஸ்டின் வகை என்று விளக்கிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். (கயிறு பறந்து வந்தது. அதற்கு என்ன பெயர் என்று புத்தகத்தில் இல்லை.)

ஆனால் என் உண்மையான குரு எங்கள் ரூட் பஸ் கண்டக்டர்தான். "ஏ பலாப்பழம், உள்ள தள்ளிப் போ. தேவாரம் எல்லாம் எந்திரி, எந்திரி. அந்தக் கண்ணாடிக்கு ஒரு சீட்டு குடுத்தாச்சா?" பலாப்பழம் கோபித்துக்கொள்ளாமல் உள்ளே தள்ளிப் போகும். தேவாரம் ஊரில் இறங்க வேண்டிய மொத்தமும் எழுந்து நிற்கும். தினமும் போய் வந்த பஸ்தான், ஆனால் அன்றுதான் முதல்முறையாகக் கேட்கிற மாதிரி இருந்தது. சாமானைச் சொன்னால் ஆள் வருகிறார், ஊரைச் சொன்னால் ஆட்கள் வருகிறார்கள். எப்படி வருகிறார்கள்? யாரும் சொல்லிக்கொடுக்காமல் எப்படிப் புரிகிறது? அந்த ஆச்சரியத்தில் இரண்டு நாள் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போனேன்.

அப்படியே போய் சினெக்டகியில் விழுந்தேன். ஒரு பகுதியைச் சொல்லி முழுசையும் குறிப்பது. கப்பலில் வேலை செய்கிறவர்களை ஆங்கிலத்தில் 'கைகள்' என்று சொல்வார்களாம். எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஏன் கை? ஏன் கால் இல்லை? ஒரு மனிதருக்குப் பதிலாக எந்தப் பகுதி நிற்கும் என்று யார் முடிவு செய்வது? பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் உற்றுப் பார்த்து உறுப்பு ஒதுக்க ஆரம்பித்தேன். அப்பாவுக்கு வெடித்த குதிகால். அம்மாவுக்கு அகப்பை பிடித்த மணிக்கட்டு. கண்டக்டருக்கு விசில் வைக்கும் உதடு. எனக்கு எந்தப் பகுதி என்று மட்டும் ஒருநாளும் யோசிக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் அண்ணன் மகன் கவினுக்குக் காதுகுத்து வைத்தார்கள்.

எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் காதைவிடவும் தாய்மாமன் முக்கியம். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவர் கொட்டுமேளத்தோடு சீர்த்தட்டு எடுத்து வருவார். அவர் வராமல் ஆசாரி ஊசியைக் கையால் தொடக்கூட மாட்டார். கவினுக்குத் தாய்மாமன், என் மதினி ஈஸ்வரியின் அண்ணன், பொன்ராஜ் மாமா. தேவாரத்துக்காரர். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஏலக்காய்த் தோட்டம் வைத்திருந்தார். பெரிய மீசை. தேவாரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, "மீசை வீடு எங்க?" என்று கேட்டால் போதும், வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். நல்ல மனிதர். கோபம் வந்தால் மட்டும் கடைசியில் ஒரு மலையாளச் சொல் வரும். அவருக்கு இரண்டு தம்பிகள், அவர்களும் மாமாக்கள்தான்.

எங்கள் வீட்டு விசேஷத்துக்கு பிளக்ஸ் வைப்பதில் ஒரு முறை உண்டு. சொந்தத்தில் உள்ள அத்தனை பேர் முகமும் அதில் இருக்க வேண்டும். தாய்மாமன் முகம் பெரிதாக, கூலிங்கிளாஸ் போட்டு. மற்றவர்கள் அவரவர் தகுதிக்கேற்ற அளவில். ஒரு சித்தப்பாவின் முகம் இன்னொரு சித்தப்பாவின் முகத்தைவிடச் சுண்டுவிரல் அளவு சின்னதாகிப் போனாலும் அந்த வருசப் பொங்கலுக்குப் பேச்சுவார்த்தை நின்றுவிடும். இந்த அளவுச் சண்டைக்குப் பயந்துதான் அண்ணன் வேலையை என் தலையில் கட்டினான். "நீதான் காலேசு போற புள்ள. நல்லாச் செய்வ" என்றான்.

நான் நல்லாத்தான் செய்தேன். எனக்கு ஒரே யோசனையில் எல்லாச் சண்டையும் தீர்ந்துபோனது. எதற்கு அத்தனை முகம்? தாய்மாமன் என்றால் மடி. ஒரே ஒரு மடியைப் போட்டால் மூன்று மாமாக்களையும் அது குறிக்கும், அவர்கள் வழியாகத் தேவாரம் மொத்தத்தையும் குறிக்கும். பேர் வைத்த அன்று பொன்ராஜ் மாமா கவினை மடியில் வைத்திருந்த போட்டோ ஒன்று என் போனில் இருந்தது. அதில் மடி இருந்தது, பிள்ளையைப் பிடித்த இரண்டு கை இருந்தது, தங்க வாட்ச் இருந்தது. கூடவே ஒரு தலையும் இருந்தது. கலைக்கு அது இடைஞ்சல் என்று கழுத்தோடு வெட்டினேன்.

உத்தமபாளையம் பிளக்ஸ் கடைத் தம்பி கம்ப்யூட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "அக்கா, மூஞ்சி வேற பைல்ல வருதா?" என்றான். "மூஞ்சி கிடையாது, இதான் டிசைன்" என்றேன். "கழுத்துக்கு மேல காலியா இருக்கேக்கா" என்று வருத்தப்பட்டு, ஏற்கெனவே கம்ப்யூட்டரில் வைத்திருந்த ரோஜா இதழ்களை எடுத்து அங்கே தூவிவிட்டான். அந்த இதழ்களை அவன் வழக்கமாக எந்த வகை பிளக்ஸுக்குத் தூவுவான் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. கீழே என் சொந்தக் கற்பனையில் ஒரு வரி: 'இந்த மடியே எங்கள் உறவு.'

விசேஷத்தன்று காலையில் மண்டப வாசலில் கட்டினார்கள். அண்ணன் அண்ணாந்து பார்த்தான். "ஏ புள்ள, என்ன இது?" என்றான். "சினெக்டகி" என்றேன். அதற்குள் சமையல்காரர் கேஸ் தீர்ந்துபோச்சு என்று கத்தவே சிலிண்டருக்கு ஓடிவிட்டான். வாசலில் நின்ற அப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "வேட்டி நல்ல வெள்ளையா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஒன்பது மணிக்குக் கொட்டுச் சத்தம் கேட்டது. தேவாரம் வந்துவிட்டது. முன்னால் கொட்டுக்காரர்கள், பின்னால் பழத்தட்டு, பட்டுத்துணி, கவினுக்கு ஒரு சின்ன சைக்கிள், மாலை போட்ட ஆட்டுக்கடா. நடுவில் பொன்ராஜ் மாமா, முறுக்கிய மீசையும் புதுச் சட்டையுமாக. தெரு திரும்பியதுமே அவர் கண் பிளக்ஸுக்குத்தான் போனது. (யாராக இருந்தாலும் போகும். அதற்குத்தானே வைக்கிறோம்.) தன் முகத்தைத் தேடினார். இடது ஓரம் தேடினார், வலது ஓரம் தேடினார், கடைசியில் தன் வாட்சை அடையாளம் கண்டுபிடித்தார். அதிலிருந்து மெதுவாக மேலே போனார். கழுத்து வரை வந்தார். அதற்கு மேல் ரோஜா இதழ்கள் கொட்டிக்கொண்டிருந்தன.

மாமாவின் மனைவிதான் முதலில் கத்தினார். "ஐயய்யோ, என்ன ஆத்தா இது! உசுரோட பக்கத்துல நிக்கிற மனுசனுக்கு இப்பிடிப் பூப் போட்டு வச்சிருக்காக!" சொல்லிவிட்டு மாமாவின் கன்னத்தை ஒருமுறை தொட்டுச் சரிபார்த்துக்கொண்டார்.

ஊர்வலம் நின்றுவிட்டது. கொட்டு மட்டும் நிற்கவில்லை, ஏனென்றால் நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு நடந்த பேச்சு முழுவதும் அந்த மேளத்துக்கு மேலே கத்தித்தான் நடந்தது. வீடியோக்காரர் சந்தோஷமாகக் கிட்டே வந்தார்.

"எம் தல எங்க?" என்றார் மாமா.

அண்ணன் என்னைப் பார்த்தான். மதினி கவினை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்து, பிளக்ஸைப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டார். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் எவ்வளவு பெரிது என்று எனக்கு உறைத்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து மதினி வீட்டார் சீர் எடுத்து வருகிற முதல் பெரிய விசேஷம் அது. மதினியின் அண்ணன் கோபித்துக்கொண்டு திரும்பிவிட்டால், பிறந்த வீட்டு வாசல் இனி மதினிக்கு எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் புத்தியுள்ள எவரும் காலில் விழுந்திருப்பார்கள். நான் பாடம் எடுத்தேன்.

"மாமா, கோவப்படாதீக. இது ஒரு அணி. ஒரு பகுதியக் காட்டுனா முழு ஆளையும் காட்டுன மாதிரி. இங்கிலீசுல கைன்னு சொன்னா வேலையாள்னு அர்த்தம்."

"எங்க தோட்டத்துல பத்துக் கை வேணும்னு சொன்னா அஞ்சு ஆள்தான் வருவாக. மலையேறி வந்த பெறகு மிச்ச அஞ்சு ஆளுக்கு நா எங்க போவேன்? நாங்க தல எண்ணித்தான் ஜீப்புல ஏத்துவோம். தலைக்கு இவ்வளவுன்னுதான் கூலி."

கேட்டதும் எனக்குள் மணி அடித்தது. சூழ்நிலை மறந்துவிட்டது. "மாமா! அதேதான்! தலன்னு சொன்னீகள்ல, ஆளத்தான சொன்னீக? அதுதான் சினெக்டகி! நீங்களே சொல்லிட்டீக!" என்று கைதட்டிக் குதித்தேன். (குதித்தது உண்மை. வீடியோவில் இருக்கிறது.)

மாமா பிளக்ஸைக் கைகாட்டினார். "அப்ப தலயத்தான போட்டிருக்கணும்?"

அதுவரை தட்டிக்கொண்டிருந்த கையை இறக்கினேன். இடுப்பில் பிள்ளையோடு நின்ற மதினி அழுகையும் ஆத்திரமுமாகச் சொன்னார்: "பள்ளிக்கூடத்துலயே படிச்சிருக்கோமே! சினையாகுபெயர். தலைக்கு ஒரு பழம் கொடு. அதப் படிக்க நீ காலேசு வரைக்கும் போனியாக்கும்?" அடக் கடவுளே, ஆமாம். தமிழ் வகுப்பில் நானும்தான் அதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருந்தேன். வெள்ளைக்காரன் பேர் வைத்துக் கொடுத்ததும் புதிதாகப் பார்க்கிற மாதிரி மயங்கியிருக்கிறேன்.

அதற்குள் விஷயம் கூட்டத்துக்குள் பரவி ஆளாளுக்கு ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார்கள். "என்னயப் போடுறதா இருந்தா எதப் போடுவ?" என்று நடு மாமா கேட்டார். "ஒம் வயிறுதான், வேற என்ன?" என்றார் கடைசி மாமா. பழத்தட்டு வைத்திருந்த ஒரு பெண் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்புக்கூடக் கேட்டது. பொன்ராஜ் மாமா மட்டும் சிரிக்கவில்லை.

"தாயி" என்றார். இந்த முறை கத்தவில்லை, ஆனாலும் எனக்குக் கேட்டது. "எங்க தங்கச்சியக் குடுத்த வீட்டுல நாங்க மடி மட்டுந்தானா? சீரு எறக்குற கை, பிள்ளைய வைக்கிற மடி, அம்புட்டுத்தானா? மொகம் வேண்டாமா?"

நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. அன்பைக் காட்டத்தான் அந்த மடியைப் போட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அப்படியே மூடிக்கொண்டேன். அவ்வளவு நேரம் ஓடிய என் வாய் அன்றைக்கு நின்றது அந்த ஒரு இடத்தில்தான். அவமானத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்ல நேரம் போகுதுங்க" என்று உள்ளேயிருந்து ஆசாரி குரல் கொடுத்தார்.

மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்தார். உதறினார். திரும்பிப் போகப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம், மதினி விம்மவே ஆரம்பித்துவிட்டார். ஆனால் மாமா அந்தத் துண்டைத் தலையோடு போர்த்தி, முகம் முழுக்க மூடி, கழுத்தில் ஒரு முடிச்சுப் போட்டார்.

"மடியத்தான கூப்பிட்டீக? மடி வரும். தல வராது. மனசிலாயோ?" என்றது துண்டு.

கண் தெரியாததால் கடைசி மாமா அவரைக் கைபிடித்து உள்ளே கூட்டிப் போனார். மண்டபமே எழுந்து நின்று பார்த்தது. பலகையில் உட்கார்ந்தார், மடியை விரித்தார். கவினை வைத்தோம். பிளக்ஸில் எப்படிப் போட்டிருந்தேனோ அச்சு அசலாக அப்படியே: மடி, கை, வாட்ச், கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை. என் வாழ்நாளில் என் கற்பனை ஒன்று இவ்வளவு துல்லியமாக நிறைவேறியது அந்த ஒருமுறைதான்.

"மாமன் பேரு சொல்லுங்க" என்றார் ஆசாரி. "மடி பேசாது" என்று கடைசி மாமா விளக்கினார்.

கவினுக்கு அப்போது மூன்று வயது. கொஞ்ச நேரம் துண்டையே அண்ணாந்து பார்த்தான். பிறகு ஓரத்தைத் தூக்கி, "மாமா, உள்ள இருக்கியா?" என்று கேட்டான்.

"இல்ல" என்றது துண்டு.

"எப்ப வருவ?"

துண்டு கொஞ்சம் யோசித்தது. அந்த நேரம் பார்த்து ஆசாரி ஊசியை இறக்கிவிட்டார். கவின் வீறிட்ட வீறலில் கொட்டுக்காரர்களே ஒருமுறை தாளம் தப்பினார்கள். வலி தாங்காமல் பிள்ளை ஒளிய இடம் தேடி நேராகத் துண்டுக்குள் தலையை விட்டான். இப்போது துண்டுக்குள் இரண்டு தலை. உள்ளேயிருந்து அழுகைச் சத்தமும், "என் ராசா, என் சாமி, இந்தா முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு" என்ற சத்தமும் மாறி மாறி வந்தன. இன்னொரு காது பாக்கி இருக்கிறதே, ஆசாரி என்ன செய்வார்? முடிச்சை அவிழ்த்துத் துண்டை உருவினார். மீசை இரண்டு பக்கமும் தொங்க, மாமா கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது.

"வேர்வ" என்றார் மாமா, யாரும் கேட்காமலே.

பந்தியில் ஒரு சின்ன இழுபறி நடந்தது. இலை முன்னால் உட்கார்ந்த மாமா கறிச்சோற்றைத் தொடவில்லை. "வாயக் கூப்பிடலயே" என்றார். மதினி கரண்டியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, "நா கூப்பிடுறேண்ணே. தல, வாயி, மீச எல்லாத்தையும் நா கூப்பிடுறேன்" என்றார். அதற்கு மேல் அவர் பிகு செய்யவில்லை. இரண்டாவது முறையும் சோறு வாங்கினார். நான் தண்ணீர் வைக்கப் போனபோது குனிந்துகொண்டே, "மன்னிச்சிருங்க மாமா" என்றேன். "இரு தாயி. ஒனக்கும் ஒரு நாளு விசேசம் வரும்ல" என்றார். பாசமாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மேடம் கேட்ட உதாரணத்துக்கு இந்தக் கதையைத்தான் எழுதிக் கொடுத்தேன். அவர் சிரித்துச் சிரித்துப் படித்துவிட்டு, ஓரத்தில் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: 'பகுதியை யார் தேர்ந்தெடுப்பது?' இப்போது நானும் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடம் நடத்துகிறேன். அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்.

சில வருடம் கழித்து எனக்குக் கல்யாணம். மண்டப வாசலில் தேவாரம் சார்பாக ஒரு பிளக்ஸ், அதுவும் இருபதடி. சுற்றிலும் மாமாக்கள், அவர்கள் மனைவிமார், பிள்ளைகள், சீரில் வந்த அந்த ஆட்டுக்கடாவை விற்றவர் உட்பட அத்தனை பேர் தலையும் பளிச்சென்று இருந்தன. நடுவில் தங்க பிரேமுக்குள், மணப்பெண் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வாய். என் வாய். ரோட்டில் நின்று சினெக்டகியை விளக்கிக்கொண்டிருந்தபோது வீடியோவில் விழுந்தது, நாக்கு தெரிய அகலமாகத் திறந்தபடி. கீழே ஒரு வரி: 'இந்த வாயே எங்கள் உறவு. இப்படிக்கு, தேவாரத்துத் தலைகள்.'

மாப்பிள்ளையின் அம்மா திகைத்துப்போய், "பொண்ணு எங்க?" என்று கேட்டாராம். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போதும்மா, அடையாளம் தெரியுது" என்றாராம்.

எங்கள் ஊரில் பிளக்ஸை யாரும் தூக்கிப் போடுவதில்லை. நல்ல கெட்டியான சீட்டு, எதற்காவது ஆகும். இரண்டும் அம்மா வீட்டு மாட்டுக்கொட்டத்தில்தான் சுருட்டிக் கிடக்கின்றன. போன வாரம் நான் போயிருந்தபோது மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. களத்தில் வைக்கோலும் தேங்காயும் கிடந்தன. விருந்துக்கு வந்திருந்த பொன்ராஜ் மாமா நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அம்மா உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்:

"ஏலே கவினு, மழ வருது பாரு! மாமன் மடிய எடுத்து வைக்கோலுக்குப் போடு. அத்த வாய எடுத்துத் தேங்காய்க்குப் போடு."

மீசை முளைக்கத் தொடங்கியிருக்கிற கவின் ஓடிப்போய் இரண்டையும் விரித்தான். மடி வைக்கோலுக்குக் கொஞ்சம் பத்தவில்லை, ஒரு ஓரம் நனைந்துவிட்டது. தேங்காய்க் குவியலை என் வாய் முழுசாக மூடி, பக்கத்தில் இருந்த விறகையும் மூடி, இன்னும் மிச்சம் கிடந்தது. மாமா காபியை வைத்துவிட்டு அதை நிதானமாகப் பார்த்தார். "சரியான பகுதியத்தான் எடுத்திருக்கேன்" என்றார்.